வெளி மாநிலத்துக் கணக்கு

2025 மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை. சின்னவனைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு, வழக்கம்போல வண்டிகள் நிறுத்துமிடத்தில் நாலைந்து பெற்றோர் நின்றுகொண்டிருந்தோம். ஃப்ளாஸ்கில் காபி, காகிதக் கோப்பைகள், யாரோ கொண்டுவந்த முறுக்கு. கலிஃபோர்னியாவில் எங்கள் பக்கத்து ஊர்களில் மார்ச் என்றால் யூசி என்ற மாநிலப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை முடிவுகள் வரும் மாதம். பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளை இருக்கிற வீட்டில் அந்த மாதம் யாரும் சத்தமாகச் சிரிப்பதில்லை. "உங்க பொண்ணுக்கு என்ன ஆச்சு?" என்று ஒருவர் கேட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும் ஆளைப் பற்றி விசாரிப்பது போலவே இருந்தது.

"ரெண்டு கேம்பஸ்ல இல்லைன்னுட்டாங்க" என்றேன்.

பக்கத்தில் நின்ற மதுரைக்காரர் கொதித்துவிட்டார். "நம்ம வரிப்பணத்துல ஓடுற யுனிவர்சிட்டிங்க. நம்ம புள்ளைக்கு இடம் இல்ல. நியூ ஜெர்சிக்காரனுக்கும் ஷாங்காய்க்காரனுக்கும் மூணு மடங்கு காசு வாங்கிட்டு சீட்டு கொடுக்குறான். இதை யாரு கேக்குறது?"

எல்லோரும் தலையாட்டினோம். நான் கொஞ்சம் பலமாகவே ஆட்டினேன். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. இந்த நாட்டுக்கு நான் வந்ததே ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் வெளி மாநில மாணவியாகத்தான்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், சுருக்கமாக யூசி, மாநில அரசின் பல்கலைக்கழகம். பத்து வளாகங்கள்; அவற்றில் ஒன்பதில் இளநிலைப் படிப்பு உண்டு. 2025 இலையுதிர் பருவத்தில் சேர்ந்த உள்மாநில மாணவருக்கு டியூஷன் ஆண்டுக்கு ஏறக்குறைய 15,000 டாலர். (நம்மூரில் டியூஷன் என்றால் சாயங்காலம் கணக்கு வாத்தியார் வீட்டுத் திண்ணையில் உட்காருவது. இங்கே அது கல்லூரிக் கட்டணத்தின் பெயர். என் அம்மாவுக்கு இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "காலேஜுக்குள்ளேயே டியூஷனா?") வெளி மாநிலத்தவரும் வெளிநாட்டவரும் அதற்கு மேல் தனியாக 37,602 டாலர் கட்ட வேண்டும். இரண்டையும் கூட்டினால் 52,000 தாண்டுகிறது. தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இன்னும் சேரவில்லை. மதுரைக்காரர் சொன்ன மூன்று மடங்கு கொஞ்சமும் மிகையில்லை.

யார் வெளி மாநிலத்தவர் என்பதும் லேசான கேள்வியில்லை. வகுப்பு தொடங்குவதற்கு முன் 366 நாள், அதாவது ஒரு வருஷமும் ஒரு நாளும், மாநிலத்தில் குடியிருந்திருக்க வேண்டும். இங்கேயே தங்கப்போகிற எண்ணம் உண்டு என்று ஓட்டுநர் உரிமம், வரிக் கணக்கு, வண்டிப் பதிவு இவற்றைக் கொண்டு காட்ட வேண்டும். பிள்ளை சின்ன வயதென்றால் பெற்றோர் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதைப் பார்ப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், ஹெச்-1பி வேலை விசாவில் பெங்களூரிலிருந்து வந்து ஒன்றரை வருஷம் குடியிருந்தவரின் பிள்ளை உள்மாநிலம். ஏழு தலைமுறையாக அமெரிக்கர்களாக இருந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் நெவாடாவில் வீடு வைத்திருப்பவரின் பிள்ளை வெளி மாநிலம். தமிழ்ப் பள்ளி வாசலில் நின்ற எங்களில் பாதிப் பேர் நிரந்தரக் குடியிருப்புக்கான பச்சை அட்டைக்கு வரிசையில் நிற்பவர்கள். ஆனாலும் "நம்ம மாநிலம்" என்று சொல்லும்போது யாருக்கும் நா கூசவில்லை. எனக்கும்தான்.

இதைப் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். கலிஃபோர்னியாவில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், கனெக்டிகட் மாநிலத்து ஆளைக் கல்யாணம் செய்துகொண்டு, அங்கேயே குடியேறி, அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். விண்ணப்பிக்கும்போது உன் முகவரி வெளியூரில் இருந்தது, ஆகவே படிப்பு முடியும்வரை நீ வெளியூர்தான் என்றது பல்கலைக்கழகம். புகுந்த வீடு சொந்த ஊராகாதா என்ற கேள்விதான். 1973ல் தீர்ப்பு வந்தது. வெளியூர்க்காரரிடம் கூடுதலாக வாங்குவது மாநிலத்தின் உரிமை. ஆனால் நான் இப்போது இந்த ஊர்தான் என்று நிரூபிக்க ஒரு வாய்ப்பாவது தர வேண்டும் என்றார்கள். கூடுதல் கட்டணம் நியாயம்தான் என்பதில் நீதிபதிகளுக்குப் பெரிய தயக்கம் இருக்கவில்லை. ஊர்க்காரர்கள் வரி கட்டி நடத்தும் பள்ளியில் வெளியூர்ப் பிள்ளைக்கு முழுச் செலவையும் கேட்பது யாருக்கும் புரிகிற நியாயம்.

அந்த வரி கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டால்? யூசியின் கதை அதுதான்.

1868ல் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. 1960ல் கிளார்க் கெர் என்பவர் அதன் தலைவராக இருந்தபோது, கலிஃபோர்னியா ஒரு பெருந்திட்டம் போட்டது. பள்ளி முடிக்கும் பிள்ளைகளில் மேலே இருக்கும் எட்டில் ஒரு பங்கு யூசிக்குப் போகலாம். மேலே மூன்றில் ஒரு பங்கு மாநிலக் கல்லூரிகளுக்குப் போகலாம். மற்ற யாரும் சமுதாயக் கல்லூரிகளில் நுழைந்து, நன்றாகப் படித்தால் பின்னால் மேலே ஏறலாம். டியூஷன் வாங்குவதில்லை என்பதே கொள்கை. சில்லறைக் கட்டணங்கள் மட்டும் உண்டு. மாநிலம் செலவழிக்கும், பிள்ளை படிக்கும். அந்தக் காலத்தில் "நம்ம வரிப்பணம்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அது எழுத்துக்கு எழுத்து உண்மை.

காலப்போக்கில் சில்லறைக் கட்டணம் நோட்டுக் கட்டணமானது. 2008ல் பொருளாதாரம் சரிந்ததும் மாநில அரசு யூசிக்குக் கொடுப்பதைத் தாறுமாறாக வெட்டியது. 2009 நவம்பரில் ஒரே முடிவில் கட்டணத்தை 32 சதவீதம் உயர்த்தினார்கள். பெர்க்லி வளாகத்தில் மாணவர்கள் ஒரு கட்டடத்துக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். 2007லிருந்து 2011க்குள் உள்மாநிலக் கட்டணம் அநேகமாக இரட்டிப்பானது. 2011ல் முதன்முறையாக, மாநில அரசு தந்த பணத்தைவிட மாணவர்களிடம் வசூலான கட்டணம் அதிகமாகிவிட்டது. அப்போது நாங்கள் கலிஃபோர்னியாவில்தான் இருந்தோம். பெரியவளுக்கு நான்கு வயது. செய்தியைப் படித்தேனா என்றுகூட நினைவில்லை. டயப்பரும் வீட்டுக் கடனும் ஓடிக்கொண்டிருந்த காலம்.

பல்கலைக்கழகம் கையைப் பிசைந்துகொண்டு உட்காரவில்லை. முழு விலை தரக்கூடிய வாடிக்கையாளரைத் தேடிப் போனது. 2007 வாக்கில் இளநிலை மாணவர்களில் வெளியாட்கள், அதாவது வெளி மாநிலத்தவரும் வெளிநாட்டவரும், ஏறக்குறைய 5 சதவீதம். பத்து வருஷத்தில் அது 17 சதவீதத்தைத் தொட்டது. பெர்க்லியில் நாலில் ஒருவர் என்ற நிலை. இது யூசியின் தனிக் குணமில்லை. ஜான் பவுண்ட் உள்ளிட்ட நான்கு பொருளாதார அறிஞர்கள் 2020ல் வெளியிட்ட ஆய்வில், மாநில நிதி 10 சதவீதம் குறைந்தால் அரசு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு இளநிலை மாணவர் சேர்க்கை 12 சதவீதம் கூடுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு குழாயை மூடினால் இன்னொரு குழாயைத் திறக்கிறார்கள்.

2016 மார்ச்சில் மாநிலத் தணிக்கையாளர் எலைன் ஹவுல் ஒரு அறிக்கை வெளியிட்டார். தமிழ்ப் பள்ளி வாசல் கோபத்துக்கெல்லாம் மூல நூல் அதுதான், பெரும்பாலோர் படித்திருக்க மாட்டார்கள் என்றாலும். 2010-11க்கும் 2014-15க்கும் இடையில் வெளியாட்களின் எண்ணிக்கை 82 சதவீதம், அதாவது 18,000 பேர் கூடியது. அதே காலத்தில் உள்மாநில மாணவர் எண்ணிக்கை 2,200 குறைந்தது. சேர்க்கை விதியில் ஒரு சின்ன மாற்றம் செய்திருந்ததையும் தணிக்கையாளர் எடுத்துக் காட்டினார். வெளியிலிருந்து எடுக்கப்படுபவர், உள்மாநிலத்துத் தகுதியானவர்களில் மேல் பாதியில் நிற்கக்கூடியவராக இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 2011ல் அதை, உள்மாநிலத்தவரோடு 'ஒப்பிடத்தக்கவராக' இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அதன்பின் மூன்று ஆண்டுகளில் சேர்க்கை பெற்ற வெளியாட்களில் ஏறக்குறைய 16,000 பேரின் மதிப்பெண்கள், தணிக்கையாளர் பார்த்த எல்லா அளவுகோலிலும், அதே வளாகத்தில் சேர்க்கை பெற்ற உள்மாநிலத்தவரின் மீடியனுக்குக் கீழே இருந்தன.

இந்த மீடியனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரரும் நானும் ஒரு முழு இரவு சண்டை போட்டோம். மீடியன் என்றால் வரிசையின் நடுவில் நிற்பவர். "உள்ள எடுத்த நம்மாளுங்கள்லயே பாதிப் பேர் அதுக்குக் கீழதானே இருப்பாங்க? இதுல என்ன குத்தம்?" என்றார் அவர். கணக்குப்படி சரி. ஆனால் எல்லா அளவுகோலிலும் கீழே என்பது வேறு. ஒன்றில் குறைந்து இன்னொன்றில் மிஞ்சியவர்கள் அந்த 16,000ல் வரவே மாட்டார்கள். "அப்ப முன்னாடி இருந்த விதியை ஏன் மாத்தணும்?" என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. யூசி தந்த பதிலும் அந்தக் கேள்விக்கு நேராக இல்லை. வெளியாட்கள் கட்டும் கூடுதல் பணம் இல்லாவிட்டால் உள்மாநிலத்தவரை இன்னும் குறைவாகத்தான் சேர்த்திருக்க முடியும் என்றது பல்கலைக்கழகம். பணத்தைப் பொறுத்தவரை அதை நம்புகிறேன். விதியைத் திருத்திய விஷயத்தை அந்தப் பதில் தொடவே இல்லை.

அறிக்கை வந்த பிறகு கொஞ்சம் அடங்கினார்கள். 2017ல் முதன்முறையாக உச்சவரம்பு போட்டார்கள். வளாகத்துக்கு 18 சதவீதம். அதை ஏற்கெனவே தாண்டியிருந்த பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ, இர்வைன் வளாகங்கள் இருக்கிற இடத்திலேயே நிற்க வேண்டும். 2021ல் சட்டமன்றம் இன்னும் ஒரு படி போனது. இர்வைன் தவிர்த்த மற்ற மூன்று வளாகங்களும் படிப்படியாக 18க்கு இறங்க வேண்டும், ஆண்டுக்கு சுமார் 900 இடங்களை வெளியாட்களிடமிருந்து உள்மாநிலத்துக்கு மாற்ற வேண்டும், பல்கலைக்கழகம் இழக்கும் பணத்தை மாநிலம் ஈடுகட்டும். ஈடு எவ்வளவு? ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சுமார் 3 கோடி டாலர். 900 பேருக்குப் பிரித்துப் பாருங்கள். தலைக்கு 33,000 சொச்சம். ஷாங்காய்க்காரர் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருந்த தொகையும் அதே அளவுதான். அந்தப் பிள்ளை எங்கள் பிள்ளையின் நாற்காலியைப் பிடுங்கவில்லை. நாற்காலிக்குப் பணம் கட்டிவந்த மாநிலம் எழுந்து போனது. காலியான இடத்தில் பணத்தோடு வந்தவர் உட்கார்ந்தார். திரும்ப வேண்டுமென்றால் அதே விலை.

இதை எழுதும்போது 1997 ஜூலை நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வந்த புதிது. அப்பாவும் நானும் ராத்திரி பஸ்ஸில் சென்னை வந்து, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்துக்குள் நடந்தோம். அப்பா கையில் மஞ்சள் பையில் சான்றிதழ்கள். அதில் தாசில்தார் கையெழுத்துப் போட்ட நேட்டிவிட்டி சர்டிபிகேட்டும் ஒன்று. அதற்காக கிராம நிர்வாக அலுவலரை மூன்று தடவை போய்ப் பார்த்திருந்தார். பெரிய கூடத்தில் திரைகள். கல்லூரி வாரியாக, பிரிவு வாரியாக, ஓசி, பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி என்று மீதி இடங்கள் ஓடிக்கொண்டிருக்கும். நம் கண்ணெதிரே ஒரு இடம் 3லிருந்து 2 ஆகும், 2லிருந்து 1 ஆகும். பிளஸ் டூ மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வும் சேர்த்து 300க்கு எவ்வளவு கட்-ஆஃப் என்பது என் ஜாதகம் மாதிரி எல்லோருக்கும் தெரியும். எனக்கு முன்னால் போன பெண் என்னைவிட கால் மதிப்பெண் அதிகம் என்பதும் தெரியும். நான் கேட்ட கல்லூரி கிடைக்கவில்லை. அழுதேன். ஆனால் யார் மேலும் சந்தேகம் வரவில்லை.

அந்த முறையைத் தூக்கிவைத்துப் பேச நான் வரவில்லை. நகரத்துப் பயிற்சி மையங்களுக்குப் போக முடிந்தவர்கள்தான் நுழைவுத் தேர்வில் பறந்தார்கள். அதனால்தான் 2007லிருந்து பொறியியலுக்கு நுழைவுத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். வெளி மாநிலப் பேச்சும் நமக்குப் புதிதில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளில் 15 சதவீத இளநிலை இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகின்றன. அதற்கு வேர் 1984ல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்ன பிரதீப் ஜெயின் தீர்ப்பு. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், முதுநிலை மருத்துவத்தில் இருப்பிடத்தை வைத்து இடம் ஒதுக்குவது செல்லாது என்றது. எங்கள் அரசு கட்டின கல்லூரி என்று தமிழ்நாடும், திறமைக்கு எல்லை எதற்கு என்று மறுபக்கமும் வாதாடுவதைக் கேட்டால், மொழிதான் வேறு, எங்கள் பார்க்கிங் லாட் விவாதமேதான்.

ஆனால் அந்தக் கூடத்துத் திரையை நான் இங்கே தேடுகிறேன். யூசியில் விண்ணப்பிக்க ஒரே படிவம், வளாகத்துக்கு 80 டாலர். எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் தன்னைப் பற்றி எழுத வேண்டும். எஸ்ஏடி என்ற பொதுத் தேர்வு மதிப்பெண்ணைச் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை. 13 அம்சங்களை வைத்து ஒட்டுமொத்தமாக எடைபோடுகிறார்கள். பள்ளியின் சூழலையும் பார்க்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படித்த பிள்ளையையும், கார் ஓட்டிக் கொண்டுவிட அம்மா இருந்த என் பெண்ணையும் ஒரே தராசில் வைக்கக் கூடாதுதான். ஆனால் முடிவு வரும்போது திரையில் மூன்று பத்தி. ஏன் என்று ஒரு வரி கிடையாது. லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூசிஎல்ஏவுக்கு மட்டும் ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 1,46,000 பேர் விண்ணப்பிக்கிறார்கள், நூற்றுக்கு ஒன்பது பேருக்குத்தான் இடம். 91 வீடுகளில் காரணம் தெரியாத ஏமாற்றம் என்றால், அந்த இடத்தைச் சந்தேகம் நிரப்பிக்கொள்ளும். ஒரு வீட்டில் வெளி மாநிலத்தவர் மேல், இன்னொரு வீட்டில் வேறு நிறத்தவர் மேல், மற்றொரு வீட்டில் பணக்காரர் மேல். கடைசிச் சந்தேகத்துக்கு ஆதாரமும் உண்டு. 2020ல் வந்த இன்னொரு தணிக்கை அறிக்கை, நான்கு வளாகங்களில் 64 பேர் நன்கொடை, செல்வாக்கு, தெரிந்தவர் சிபாரிசு என்று தவறான வழியில் நுழைந்ததைக் கண்டுபிடித்தது. எண்ணிக்கை சின்னதுதான். சாம்பாரில் பல்லி விழுந்தால் எத்தனை பல்லி என்று யாரும் எண்ணுவதில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2001 ஆகஸ்டில், சோளக்காடுகளுக்கு நடுவே இருந்த ஒரு மத்தியமேற்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்குச் சேர்ந்தேன். முதல் பருவம் வெளி மாநிலக் கட்டணம். அப்பா நிலத்தை அடமானம் வைத்துக் கட்டினார். அடுத்த பருவத்திலிருந்து ஒரு பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளர் வேலை, கட்டணம் தள்ளுபடி. ஒரு வருஷம் முடிந்ததும் பதிவாளர் அலுவலகக் கவுன்ட்டரில் போய் நின்றேன். "நான் இங்கே வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. இனி நான் உள்மாநிலம்தானே?" மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த அந்த அம்மாள் சிரித்தார். "நீ இங்கே படிக்க வந்திருக்கிறாய் கண்ணு. குடியிருக்க வரவில்லை" என்றார். அவர் ஆங்கிலத்தில் ஹனி என்றதை நான் கண்ணு என்றுதான் கேட்டேன். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் குடியிருப்பு உரிமை கோர முடியாது என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது.

அவர் சொன்னது பலித்தது. பட்டம் வாங்கியதும் கலிஃபோர்னியாவுக்கு வண்டி ஏறிவிட்டேன். என் ஆய்வுக்கூடத்துக்கும் தள்ளுபடியான கட்டணத்துக்கும் அந்த மாநிலத்துச் சோள விவசாயியின் வரியும் கொஞ்சம் போயிருக்கும். திருப்பி அவருக்கு நான் கட்டிய வரி, இரண்டு வருஷம் வாங்கின மளிகைச் சாமானுக்கான விற்பனை வரி.

ஒவ்வொரு மாநிலமும் இந்தக் கணக்கை ஒவ்வொரு விதமாகப் போடுகிறது. டெக்சஸ் கறார். ஆஸ்டின் வளாகத்தின் முதலாண்டு இடங்களில் 90 சதவீதம் டெக்சஸ்காரர்களுக்கே. ஒவ்வொரு பள்ளியிலும் முதலில் வரும் பிள்ளைகளுக்குத் தானாகவே இடம் உண்டு. வட கரோலினா 1986லிருந்து பல பத்தாண்டுகள் 18 சதவீத வரம்பு வைத்திருந்தது. மிச்சிகன் தலைமை வளாகத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளியாட்கள். அலபாமாவிலோ வெளியாட்கள் பாதிக்கும் மேல். அங்கே ஒரு விசித்திரம் உண்டு. அலபாமா நாடு முழுவதும் ஆள் அனுப்பி, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, உதவித்தொகை கொடுத்துக் கூட்டிவருகிறது. ஓசான் ஜாக்கெட், கரினா சலசார் என்ற இரு ஆய்வாளர்கள் இப்படி ஆள் அனுப்பும் பல்கலைக்கழகங்கள் எந்தப் பள்ளிகளுக்குப் போகின்றன என்று பட்டியல் எடுத்தார்கள். வசதியான பகுதிகளின் பள்ளிகள். வெள்ளையர் அதிகமுள்ள பள்ளிகள். சொந்த மாநிலத்து ஏழைப் பள்ளியைத் தாண்டி விமானம் ஏறி அடுத்த மாநிலத்துப் பணக்காரப் பள்ளிக்குப் போகிறார்கள். எனக்கு உண்மையில் எரிச்சல் மூட்டுவது இதுதான். என் பெண்ணுக்கு இடம் கிடைக்காதது இதன் பக்கத்தில் வராது. எங்கள் வீட்டில் கிடைக்காவிட்டால் வேறு வழி இருக்கிறது. ஃப்ரெஸ்னோ பக்கத்தில் பழம் பறிக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு அது இல்லை.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். யூசியில் இடமே இல்லை என்பது பொய். தன் பள்ளியில் மேல் 9 சதவீதத்துக்குள் வரும் கலிஃபோர்னியா பிள்ளைக்கு எங்கேயாவது ஒரு வளாகத்தில் இடம் தருவதாக வாக்குறுதி இருக்கிறது. நடைமுறையில் அந்த எங்கேயாவது என்பது பெரும்பாலும் மெர்சிட். 2005ல் மத்தியப் பள்ளத்தாக்கில் திறந்த வளாகம். என் பெண்ணுக்கும் மெர்சிட்டில் கிடைத்தது. தமிழ்ப் பள்ளி வாசலில் அதைச் சொன்னபோது யாரும் வாழ்த்தவில்லை. "ஓ, மெர்சிட்டா..." என்று இழுத்தார்கள். நாங்கள் 'இடம்' என்று சொல்லும்போது மனதில் இருப்பது மூன்று நான்கு வளாகங்கள்; அவற்றிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ். அதே மாநிலம், அதே கட்டணம், அதே பட்டம். ஆனால் டீ-ஷர்ட்டில் இருக்கும் பெயர் வேறு.

எல்லாம் தெரிந்தும் நாங்கள் என்ன செய்தோம்? பக்கத்து மாநிலம் ஒன்றின் அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஏப்ரலில் ஒரு கடிதம் வந்தது. வெளி மாநிலக் கட்டணம் இவ்வளவு என்று கண்ணைக் கட்டும் ஒரு தொகை. அதன் கீழேயே, உங்கள் மகளின் சிறப்பான மதிப்பெண்களுக்காக அதில் பாதிக்கு மேல் கழிவு. தி. நகரில் வளர்ந்த என் வீட்டுக்காரர் கடிதத்தைப் பார்த்ததும் "ஆடித் தள்ளுபடி" என்றார். விலையை ஏற்றி ஒட்டிவிட்டு, பக்கத்திலேயே குறுக்குக்கோடு போட்டுக் குறைத்துக் காட்டுவது. அப்படியும் அந்த மாநிலத்துப் பிள்ளை கட்டுவதைவிட நாங்கள் கட்டுவது அதிகம். அவர்களுக்கு லாபம், எங்களுக்கும் சம்மதம். அவள் கேட்ட படிப்பு, அழகான மலைகள், வீட்டிலிருந்து ஒரு நாள் வண்டி தூரம்.

"நீதானேம்மா வெளியூர்க்காரங்க வந்து சீட்டை எடுத்துக்கிறாங்கன்னு சொன்ன?" என்றாள் பெண், கையெழுத்துப் போடுவதற்கு முன்.

"அது வேற, இது வேற" என்றேன். எப்படி வேறு என்று அவள் கேட்கவில்லை. இரக்கம்தான்.

ஆகஸ்டில் விடுதியில் கொண்டுபோய் விட்டோம். மெத்தை, மின்விசிறி, ரசப்பொடி, பருப்புப்பொடி. மின்தூக்கிக்கு வரிசையில் நிற்கும்போது, கையில் சின்ன ஃப்ரிட்ஜோடு நின்ற ஒரு அம்மா சிநேகமாகப் பேச்சுக் கொடுத்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். கலிஃபோர்னியா என்றேன். "ஓ, இந்த வருஷமும் நிறையப் பேர்" என்று சொல்லிவிட்டு மின்தூக்கியின் எண்களைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் வீட்டில் யாருக்காவது இங்கே இடம் கிடைக்காமல் போனதோ என்னவோ, நான் கேட்கவில்லை.

சாமான்களை ஏற்றி முடித்து, கட்டண அலுவலகத்துக்குப் போனோம். பில்லில் 'வெளி மாநிலத்தவர்' என்ற சொல்லுக்கு நேராக இருந்த தொகையை என் வீட்டுக்காரர் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு கவுன்ட்டர் பக்கம் குனிந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"இவள் இங்கே ஒரு வருஷம் இருந்துவிட்டால், அடுத்த வருஷம் உள்மாநிலக் கட்டணம் கிடைக்குமா?"

கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்த இளைஞனுக்கு இருபது வயதுகூட இருக்காது. என்ன சொல்லப்போகிறான் என்று எனக்கு அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே தெரியும். நான் என் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தேன்.